‘த்ரங்கமாலே’ பொறித்த பதக்கத்தோடு திருகோணமலையில் நான்கு நாட்கள்

முதலாம் நாள், ஓகஸ்ட் 26

யாழ்ப்பாணத்தில் விடியுமுன் ஏறிய பஸ் வவுனியாவிலும் ஹொரவப்பொத்தானையிலும் நின்று நின்று வந்து, நண்பகல் கடந்த பிறகே என்னைத் திருகோணமலையில் இறக்கிவிட்டது. சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றியபடி, ஒரு வெண்கலப் பதக்கம் இருந்தது. பாரிசில் இருக்கும் என் மருமகன், அக்காவின் மூத்த மகன், அங்கே ஞாயிறு கூடும் பழம்பொருட் சந்தையொன்றில் அதை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் சென்ற மாதம் கொடுத்தனுப்பியிருந்தான். மாமன் நாணயமும் பதக்கமும் சேர்க்கிறவர் என்பது ஒரு காரணம். தான் பிறந்த ஊரின் பெயர் அதில் பொறித்திருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பதக்கத்தின் முன்புறத்தில் பொய்முடி அணிந்த, கன்னம் தடித்த ஒருவரின் உருவம் இருக்கிறது. அவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பியர் ஆந்த்ரே த சுஃப்ரென். பின்புறம் முழுவதும் எழுத்து. தமிழில் சொன்னால் இப்படி வரும்: நன்னம்பிக்கை முனை காக்கப்பட்டது, திருகோணமலை (பிரெஞ்சில் ‘த்ரங்கமாலே’) பிடிக்கப்பட்டது, கடலூர் விடுவிக்கப்பட்டது, இந்தியா பாதுகாக்கப்பட்டது, புகழ்மிக்க ஆறு போர்கள். அதன் கீழே, புரோவென்ஸ் மாகாணத்துச் சபையினர் இப்பதக்கத்தை வழங்கினர் என்றும், ரோம எண்களில் 1784 என்றும் இருக்கிறது. சுஃப்ரென் அந்த மாகாணத்துப் பிள்ளை. தம் ஊரவன் கீழைக்கடலில் செய்து வந்ததை அவர்கள் இப்படிக் கொண்டாடினார்கள். அச்சு வெட்டியவர் ஒகுஸ்தென் துப்ரே. அமெரிக்க விடுதலைக்காக பெஞ்சமின் பிராங்கிளின் செய்வித்த பதக்கத்துக்கும் அச்சு வெட்டிய அதே கை.

என்னிடம் உள்ளது 1784இல் அடித்த மூலம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸ் நாணயசாலை பழைய அச்சுகளிலிருந்து பிற்காலத்தில் மறுபடியும் அடித்து விற்ற பதக்கங்கள் ஏராளம், ஆனால் அவர்கள் ஒளிக்கவில்லை. விளிம்பைப் பார்த்தால் காலம் தெரிந்துவிடும். 1845 முதல் 1860 வரை அடித்தவற்றின் விளிம்பில் சுட்டுவிரல் நீட்டிய கை இருக்கும். அதன்பின் 1880 வரை தேனீ. அதற்குப் பின் பழங்கள் வழியும் வளைந்த கொம்பு. பஸ்ஸின் ஜன்னலோரம் கைவில்லையை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். கொம்புதான். பக்கத்தில் ‘வெண்கலம்’ என்று பிரெஞ்சில் பொடி எழுத்து. ஆக, இது 1880க்குப் பிற்பட்டது. விலை மதிப்புக் குறைவுதான். எனக்கு வேண்டியது அதிலுள்ள ஒரு வரி மட்டுமே.

இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. 1782இல் சுஃப்ரெனின் படை இங்கே கரையிறங்கியது ஓகஸ்ட் 26இல். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1795இல், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இவ்வூர்க் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்ததும் ஓகஸ்ட் 26இல்.

மாலையில் வெயில் தணிந்ததும் கோட்டை வாசலுக்குப் போனேன். இன்று பிரெட்ரிக் கோட்டை என்று வழங்குவது, 1803இல் ஆங்கிலேயர் தம் இளவரசரொருவரின் பெயரை வைத்ததால் வந்த பெயர். அடிக்கல் போர்த்துக்கேயருடையது, கோணேசர் கோயிலை இடித்த கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆட்கள் அந்தக் கோயிற் கற்களையே கொண்டு கட்டிய கோட்டை இது. வாசலில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் மான்களைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். வாசற்கல்லில் இரண்டு கயல்கள் இருக்கின்றன. பாண்டியரின் இணைக்கயல். அருகே சிதைந்த தமிழ் எழுத்துகள். முன்பு குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்பு பறங்கி குலைப்பான் என்று தொடங்குவதாக அதைப் படிப்பார்கள். குளக்கோட்டன், கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன்; பறங்கி, போர்த்துக்கேயர். கல்லில் எஞ்சியிருப்பது சில சொற்களே என்றாலும், ஊரவர் வாயில் பாடல் முழுதாகவே இருக்கிறது. பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று வந்து போகிறவர்களை அது வரிசைப்படுத்துகிறது.

பதக்கத்தை எடுத்துக் கயலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்று பிடித்த ஊர்களை அடுக்குகிறது, மற்றது பிடிக்க வந்தவர்களை அவர்களுடைய கண்களால் அடுக்குகிறது. துப்ரேக்கு ஒரு நகரத்தைச் சொல்ல ஒரு பெயர் போதுமாயிருந்தது; நம் பாடலாசிரியருக்கு ஒரு தேசத்தைச் சொல்ல ஒரு விழி போதுமாயிருந்தது. சிக்கனத்தில் நம்மவர் சளைத்தவரல்லர்.

இன்றைய கோணேசர் கோயில் நிற்கும் சாமிமலை உச்சியில் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ‘குரைகடல் ஓத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே’ என்று சம்பந்தர் பாடிய கடல் கீழே செங்குத்தாக விழுந்து கிடந்தது. ‘த்ரங்கமாலே’ என்ற பிரெஞ்சுச் சிதைவுக்குள்ளும் அந்தக் கோணமும் மலையும் நசுங்கிப்போய்க் கிடக்கின்றன என்பதைப் பதக்கம் அடித்தவர் அறிந்திருக்கமாட்டார்.

இரவு உப்புவெளியில் அக்கா வீட்டில் தங்கல். இடியப்பமும் பாரை மீன் சொதியும்.

இரண்டாம் நாள், ஓகஸ்ட் 27

காலையில் எழுந்து பார்த்தால் மேசையில் பதக்கம் பளபளவென்று இருக்கிறது. நேற்றிரவு நான் உறங்கிய பிறகு, அக்கா அதைப் புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கோடு குத்துவிளக்காகத் துலக்கியிருக்கிறார். நாணயசாலை மருந்திட்டு ஏற்றியிருந்த தவிட்டு நிறம், நூறு வருடமாக அதன்மேல் படிந்திருந்த நிழல், எல்லாம் தேங்காய்ப் பொச்சோடு போய்விட்டது. சேகரிப்பவன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. நான் வாய் திறக்கும் முன்பே, “என்ர பிள்ளை அனுப்பின சாமான், ஊத்தையாக் கிடந்தது, மினுக்கி வச்சனான்” என்றார். அத்தான் பத்திரிகைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: எழுத்துகளின் இடுக்குகளில் இருந்த அழுக்கு அகன்றதால், இரண்டாவது வரியைக் கைவில்லை இல்லாமலே வாசிக்க முடிகிறது.

கோபத்தோடு கடற்கரைக்கு நடந்தேன். கோட்டைக்கு வடக்கே திறந்து கிடக்கும் குடாவை வரைபடங்கள் பேக் பே என்கின்றன. சுஃப்ரென் தம் ஆட்களை இறக்கியது இப்பக்கத்தில்தான். கரைவலைக்காரர் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து வந்த ஒருவர் எதற்காக இந்தத் துறைக்கு ஆசைப்பட்டார் என்பதை அவர்களில் மூத்தவர் ஒருவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: “ஐயா, வாடை தொடங்கினா இந்தக் கரை முழுக்க வள்ளம் விடேலாது. உள்துறைக்குப் போனா நித்திரை கொள்ளலாம்.”

முழுக் காரணமும் அதுதான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் திறந்த கரைகள். கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், சரக்குப் படகில் இறங்கும். ஒக்தோபரில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்பியதும் அங்கே பெருங்கப்பல் நிற்பது தற்கொலை. சோழமண்டலக் கரையில் சண்டையிடும் கடற்படை ஒன்றுக்குப் பாய்மரம் ஒக்கிடவும், அடி சுரண்டவும், புயலுக்கு ஒதுங்கவும், நாலாபுறமும் மலை சூழ்ந்த ஆழமான துறை இந்த ஒன்றே. இது யாரிடம் இருக்கிறதோ அவர் கடலில் நிலைத்து நிற்பார்; மற்றவர் பம்பாய்க்கோ சுமாத்திராவின் ஆச்சேக்கோ ஓட வேண்டும்.

அதனால்தான் 1782 ஒன்றிலேயே இவ்வூர் இருமுறை கைமாறியது. தை மாதத்தில் ஆங்கிலத் தளபதி எட்வேர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். ஜனவரி 11இல், உள்துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டை விழுந்தது. ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரென் வந்தார். 30இல் இந்தக் கோட்டையும் 31இல் ஒஸ்ரன்பேர்க்கும் அவர் கைக்கு வந்தன. ஹியூஸ் உதவிக்கு வந்து சேர்ந்தபோது கொத்தளத்தில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. செப்டெம்பர் 3இல் வெளியே பெருங்கடற்போர். பிரெஞ்சுப் பக்கம் 14 கப்பல், ஆங்கிலப் பக்கம் 12. சுஃப்ரெனின் கொடிக்கப்பல் ‘எரோ’ நடுப்பாய்மரம் முறிந்து நின்றது. இருட்டியபின் இருவரும் விலகினர். வெற்றி யாருக்கும் இல்லை. திரும்பித் துறைக்குள் நுழையும்போது பிரெஞ்சுக்காரர் ‘ஓரியோன்’ என்ற 74 பீரங்கிக் கப்பலைப் பாறையில் மோதி இழந்தார்கள். பதக்கத்தில் அது இல்லை. புகழ்மிக்க ஆறு போர்களில் ஒன்றாக இந்தப் போர் மட்டும் இருக்கிறது. மற்ற ஐந்தும் போர்த்தோ பிராயா, சதுரங்கப்பட்டினம், புரொவிடியன், நாகப்பட்டினம், கடலூர். ஆறில் பெரும்பாலானவை தமிழர் கரையோரம், தமிழர் எவருக்கும் பங்கில்லாத வழக்குக்காக.

வேடிக்கை என்னவென்றால், அதே யாருக்குமில்லாத போரின் நினைவாக ஆங்கிலேயரும் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பலுக்கு ‘ட்ரிங்கோமலி’ என்று பெயர் வைத்தார்கள். அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் கதையிலும் பதக்கம் ஒன்று குறுக்கிடுகிறது: நெல்சனின் பழைய கப்பல் ‘ஃபூட்ரோயன்’ 1897இல் பிளாக்பூல் கரையில் உடைந்தபோது, அதன் செம்பை உருக்கி நினைவுப் பதக்கங்கள் அடித்து விற்றார்கள்; உடைந்த கப்பலின் சொந்தக்காரர் அதற்கு மாற்றாக வாங்கியது நம் ஊர்ப்பெயர் கொண்ட கப்பலை. வாங்கியவர் அதன் பெயரையும் ‘ஃபூட்ரோயன்’ என்று மாற்றிவிட்டார். சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்க 1992 ஆகியது.

பிற்பகல் ஹூட்ஸ் கோபுரம் போனேன். கடற்படைத் தளத்தின் உள்ளே, ஒஸ்ரன்பேர்க் முகட்டின்மேல் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு ஏற வேண்டும். மேலே நின்றால் உள்துறைமுகம் முழுவதும் தெரிகிறது. வரைபடத்தில் எத்தனை தரம் பார்த்திருந்தாலும், அந்த நீரின் கருநீலத்தைக் கண்ட பிறகுதான், கரைவலைக்காரர் ‘நித்திரை கொள்ளலாம்’ என்றதன் பொருள் முழுவதும் விளங்கியது.

அங்கே நின்றபடி நினைத்துக்கொண்டது இன்னொரு பதக்கம். 1795இல் கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டும் தளபதி ரெய்னியரும் வந்து மூன்று கிழமை முற்றுகையிட்டு இத்துறையைப் பிடித்தார்கள். ‘டயமீட்’ என்ற அவர்களுடைய கப்பல் அந்தப் பேக் பேயிலேயே மூழ்கிய பாறையொன்றில் தட்டித் தாழ்ந்தது. தீவின் கரைநாடு முழுவதும் மறு வருடம் வீழ்ந்தது. அதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. தங்கத்தில் 2, வெள்ளியில் 120க்குச் சற்று மேல். வெள்ளைச் சிப்பாய்க்கு அது கிடையாது. வங்காளத்திலிருந்து கூட்டிவந்த இந்தியப் பீரங்கிப் படையினருக்கு மட்டும். ஒருபுறம் ஆங்கிலத்தில், இலங்கைத் தீவில் ஆற்றிய சேவைக்காக 1795/6 என்று. மறுபுறம் அதே செய்தி பாரசீகத்தில், ஹிஜ்ரி ஆண்டோடு. கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது. பிரெஞ்சுப் பதக்கம் தளபதிக்கு. ஆங்கிலப் பதக்கம் பீரங்கி இழுத்தவனுக்கு. இரண்டில் எனக்குப் பின்னது பிடிக்கிறது. ஆனால் இரண்டிலும் மலை இல்லை, கோயில் இல்லை, இவ்வூரார் பேசும் மொழியில் ஓர் எழுத்தும் இல்லை.

மூன்றாம் நாள், ஓகஸ்ட் 28

மூதூர். முன்பு துறைமுகத்திலிருந்து வள்ளத்தில் போன இடத்துக்கு இப்போது கிண்ணியாப் பாலத்தால் பஸ் போகிறது. 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர். அதற்கு அப்பாலும் சிறு பாலங்கள்.

தேடிப் போனது ஒரு கல்லை. 1660இல் கொட்டியாரக் குடாவுக்குள், புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் மரம் வெட்டிப் பூட்ட வந்தது. கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவர் றொபேட் நொக்ஸையும் அதே பெயர் கொண்ட அவருடைய மகனையும் மாலுமிகளையும் தந்திரமாகக் கரைக்கு அழைத்துப் பிடித்துக்கொண்டார்கள். தகப்பன் மறு வருடம் சிறையிருப்பிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 வருடம் மலைநாட்டில் தொப்பி பின்னி, நெல் வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்து, 1679இல் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டைக்குத் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூலால் பெயர் பெற்றார்.

ஆட்டோக்காரத் தம்பிக்கு இடம் தெரியவில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்த பெரியவரைக் கேட்டோம். “வெள்ளைக்காரன்ட கல்லா காக்கா?” என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டு, எழுந்து வந்து வழி காட்டினார். ‘இதுவே வெள்ளையன் மரம்’ என்று கல் ஆங்கிலத்தில் தொடங்குகிறது. ‘ஆன்’ கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ் 1660இல் இதன் கீழ் பிடிக்கப்பட்டார், 19 வருடம் கண்டியரசனின் கைதியாக இருந்தார், இக்கல் 1893இல் நாட்டப்பட்டது என்று முடிகிறது. தலைவர் தகப்பன், 19 வருடம் இருந்தவர் மகன். இருவரையும் ஒருவராக்கிவிட்டது கல். நாட்டியவர்கள் நூலை அவசரமாகப் படித்திருக்கிறார்கள்.

‘இதுவே’ என்று கல் சுட்டுகிற மரம் இன்று இல்லை. புளியமரமாம். அக்காவிடம் சொல்லவேண்டும்.

பதக்கத்தை எடுத்து அந்தப் பெரியவரிடம் காட்டினேன். ஒரு வரியில் திருகோணமலை பிடிக்கப்பட்டது. இந்தக் கல்லில் பிடிக்க வந்த சாதியில் ஒருவன் பிடிக்கப்பட்டான். இவ்வட்டாரத்தில் நான் கண்ட நினைவுப் பொறிப்புகளில், அகப்பட்டவனுக்கென்று வைத்தது இது ஒன்றே. அதுவும் 233 வருடம் கழித்து, நாடு முழுவதும் தம் கைக்கு வந்த பிறகு. பெரியவர் பதக்கத்தைக் கையில் நிறுத்துப் பார்த்து, “பித்தளையா?” என்றார். வெண்கலம் என்றேன். அக்காவின் கைவண்ணத்தால் அவரை நம்பவைக்க நேரம் பிடித்தது.

நான்காம் நாள், ஓகஸ்ட் 29

யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், காலையில் ஒருதரம் கோட்டை வாசலுக்கு நடந்தேன். முதல் நாள் எழுதியதில் ஒன்றைக் கூட்டவேண்டும்: மாலை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த கயல்கள் காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் தனித்தனியாக மேலெழுகின்றன. பார்க்கப் போகிறவர்கள் ஏழரை மணிக்குள் போவது நல்லது. வெட்டு ஆழமில்லை; ஆனால் வளைவுகள் ஒரே இழுப்பில் வந்தவை. துப்ரேயின் எழுத்துகளில் உள்ள கணக்கு இதில் இல்லை, கை இருக்கிறது.

வாசலுக்கு எதிரே கோயிலுக்குப் போகிறவர்களுக்காகப் பூ விற்கும் ஆச்சி ஒருவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். மான் ஒன்று அவருடைய கூடைப்பக்கம் மூக்கை நீட்ட, அதை அதட்டிவிட்டு, “தம்பி, கையில என்ன காசு?” என்று கேட்டார். காசில்லை ஆச்சி, பதக்கம். எங்கட ஊர்ப்பெயர் இதில இருக்கு என்று சொல்லி, எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“என்னெண்டு இருக்கு?”

“திருகோணமலையைப் பிடிச்சாச்சு எண்டு.”

“ஆர் பிடிச்சது?”

“பிரெஞ்சுக்காரன். இருநூற்றி நாப்பது வருசத்துக்கு மேல.”

“பிறகு?”

சமாதானம் வந்தது, உடன்படிக்கை எழுதினார்கள், கோட்டை பழையபடி ஒல்லாந்தரிடமே போய்விட்டது என்றேன். பதக்கத்தில் ஆண்டு போட்டு அடிக்கும்போதே விட்டுக்கொடுப்பதென்று முடிவாகியிருந்தது என்பதையும் சொன்னேன்.

ஆச்சி மல்லிகைச் சரத்தை முழம் போட்டு நறுக்கிக்கொண்டே, “குடுத்த பிறகும் பிடிச்சது எண்டே அடிச்சவங்கள்?” என்றார். பிறகு பதக்கத்தை வாங்கி, இரண்டு பக்கமும் புரட்டி, நல்லா மினுக்கி வச்சிருக்கிறாய் என்று பாராட்டித் திருப்பித் தந்தார்.

பூவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். பஸ் ஒன்பது மணிக்கு.